ஈயவேலை செய்பவர்களுக்கு: ஈமோகுளோபின் இறங்குமுன் இரத்தத்தில் எதைப் பார்ப்பது, பட்டறையில் எதை மாற்றுவது

பற்றரிக் கடையிலோ கராஜிலோ வேலை செய்யும் ஒருவர் களைப்பு, தலையிடி, வயிற்று உளைவு என்று மருந்தெடுக்கப் போனால், பெரும்பாலும் எஃப்.பி.சி. எனப்படும் முழுக் குருதி எண்ணிக்கைதான் முதலில் எழுதப்படும். ஈமோகுளோபின் 13.5 என்று வரும். "இரத்தம் காணும், பயமில்லை" என்று திரும்பி வேலைக்குப் போய்விடுவார். ஈயத்தைப் பொறுத்தவரை இது பிழையான ஆறுதல். வளர்ந்தவரின் இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 50 மைக்கிரோகிராமை எட்டும்போதுதான் ஈமோகுளோபின் இறங்கத் தொடங்கும். வெளிப்படையான குருதிச்சோகை அநேகமாக 80க்கு மேலேதான். செங்குழியத்துக்குள்ளே நடக்கும் குழப்பமோ 10க்குக் கீழேயே ஆரம்பித்துவிடும். இடைப்பட்ட காலத்தில் இரத்த அழுத்தம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் அடிவாங்கும். ஆகவே பார்க்க வேண்டிய சோதனை வேறு, பார்க்க வேண்டிய நேரமும் வேறு.

யார் பார்க்க வேண்டும்

பழைய பற்றரியைப் பிரித்துத் தட்டு மாற்றுபவர்கள், றேடியேற்றருக்கு ஈயம் வைத்து ஒட்டுபவர்கள், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள், பழைய கேற்றிலும் படகிலும் பெயின்ற் சுரண்டுபவர்கள், பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள், ரேடியோவும் போனும் திருத்துபவர்கள். அம்பாறைப் பக்கம் உழவு இயந்திரம், யானை வேலி என்று பெரிய பற்றரிகளும் கடைக்கு வரும்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று நினைக்க வேண்டாம். போன் திருத்துபவர் பயன்படுத்தும் 60க்கு 40 ஈயக்கம்பி 190 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. மூக்கில் ஏறும் வெள்ளைப் புகை குங்கிலியப் பசையின் புகை. அது இழுப்புக்காரருக்குக் கெடுதல், ஆனால் ஈயப் புகையில்லை. அவருக்கு ஈயம் போவது கையிலிருந்து வாய்க்கு. பற்றரி பிரிப்பவரின் நிலைமை இதற்கு நேர்மாறு. தட்டில் ஒட்டியிருக்கும் கபில, சாம்பல் நிறக் களிம்பு ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும். காய்ந்தால் மாவாகப் பறக்கும், இரைப்பை அமிலத்தில் கரையும். கட்டி ஈயத்தை வெறுங்கையால் தூக்குவதைவிட இந்தத் தூள் உள்ள நிலத்தைக் காய்ந்த தும்புத்தடியால் ஒருமுறை கூட்டுவது மோசம்.

மூச்சோடு போகும் நுண்தூளில் ஏறத்தாழ 30 முதல் 50 வீதம் இரத்தத்தில் சேரும். விழுங்கினால் வளர்ந்தவருக்கு 10 வீதமளவு. சிறுபிள்ளைகளுக்கு 50 வீதம் வரை போகலாம். வெறும் வயிறாக இருந்தாலும், உடலில் இரும்பும் கல்சியமும் குறைந்திருந்தாலும் இந்த அளவு கூடும்.

செங்குழியத்துக்குள் நடப்பது

இரத்தத்தில் சேர்ந்த ஈயத்தில் 99 வீதமளவு செங்குழியங்களுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் ஈயத்தை முழு இரத்தத்தில் அளக்க வேண்டும்; சீரத்தில் அளந்து பயனில்லை.

என்பு மச்சையில் ஈம் எனும் சிவப்புப் பொருள் எட்டுப் படிகளில் தயாராகிறது. அதில் இரண்டு படிகளை ஈயம் பலமாகத் தடுக்கும். முதலாவது, அமினோலெவுலினிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளை ஒன்றாக்கும் நொதியம். இது வேலை செய்ய நாகம் (சிங்க்) எனும் உலோகம் வேண்டும். நாகம் இருக்கும் இடத்தில் ஈயம் புகுந்து உட்கார்ந்துகொண்டால் நொதியம் முடங்கும். பயன்படாத அமிலம் தேங்கிச் சிறுநீரில் வெளிவரும். எல்லாவற்றுக்கும் முந்திக் கெடுவது இந்தப் படிதான்.

இரண்டாவது, கடைசிப் படி. தயாரான வளையத்துக்குள் இரும்பை வைக்கும் நொதியம் ஃபெரோகெலட்டேஸ். அதை ஈயம் தடுக்க, இரும்பு போக வேண்டிய இடத்தில் நாகம் போய்விடுகிறது. வருவது ஈம் இல்லை, சிங்க் புரோட்டோபோர்ஃபிரின். ஆய்வுகூட அறிக்கையில் இசட்.பி.பி. என்று இருக்கும். ஒரு செங்குழியம் இந்தச் சரக்கோடு பிறந்தால் சாகும்வரை, அதாவது ஏறத்தாழ 120 நாட்கள், அதோடுதான் சுற்றும். இசட்.பி.பி. மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதாக இன்னொரு நொதியம் கெடும்: பிரிமிடின் நியூக்கிளியோரைடேஸ். இளம் செங்குழியத்தில் மிஞ்சியிருக்கும் ஆர்.என்.ஏ. குப்பையைத் துப்புரவாக்குவது இதன் வேலை. அது நின்றால் குப்பை திரண்டு, சாயமிட்ட இரத்தத் தடவலில் நீலப் புள்ளிகளாகத் தெரியும். பிளட் பிக்சர் அறிக்கையில் "பேசோபிலிக் ஸ்டிப்ளிங்" என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

இவற்றோடு செங்குழியத்தின் மென்சவ்வும் கெடுகிறது. சோடியம், பொற்றாசியம் பம்பி ஒழுங்காக இயங்காமல் கலம் எளிதில் உடையும், வயதாகுமுன் அழியும். சிறுநீரகம் பழுதானால், செங்குழியம் செய்யச் சொல்லி மச்சைக்குப் போகும் எரித்ரோபொயிற்றின் ஓமோனும் குறையும். ஆக, ஈயத்தால் வரும் குருதிச்சோகையில் உற்பத்தி ஒரு பக்கம் குறைய, அழிவு மறுபக்கம் கூடுகிறது. உடல் சிறிது காலம் ஈடுகொடுக்கும். அந்த ஈடுகொடுக்கும் காலத்தில் எடுத்த எஃப்.பி.சி.தான் நல்லாக இருப்பதுபோலத் தெரிவது.

சோதனை எடுக்கும் முறை

வைத்தியரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் ஈயத்தை யோசிக்க வழியில்லை. என்ன வேலை, எத்தனை வருடம், பற்றரி உடைப்பதா உருக்குவதா, வீடும் பட்டறையும் ஒரே வளவிலா, வீட்டில் சிறுபிள்ளையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா என்பதை ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டு போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளிலோ கிளினிக்கில் காட்டுவது நல்லது. கேட்க வேண்டியவை: இரத்த ஈய அளவு, எஃப்.பி.சி., பிளட் பிக்சர், ஃபெரிற்றின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), கிரியற்றினின் (சிறுநீரகத்தைப் பார்ப்பது), இரத்த அழுத்தம், கிடைக்குமானால் இசட்.பி.பி. இரத்த ஈயத்தை எந்த ஆய்வுகூடம் செய்கிறது, மாதிரி எந்தக் குழாயில் எடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி கொடுப்பதில் ஒரு சின்ன விசயம் முழு முடிவையும் கெடுக்கும். பட்டறையிலிருந்து நேரே போய்க் கையை நீட்டினால், தோலில் உள்ள ஈயத் தூள் ஊசியோடு குழாய்க்குள் போய் அளவைப் பொய்யாகக் கூட்டும். விரலில் குத்தி எடுப்பதில் இந்தப் பிழை இன்னும் அதிகம். குளித்து, உடுப்பு மாற்றி, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின் போங்கள். நாளத்திலிருந்து எடுத்த இரத்தம்தான் நம்பகமானது. குழாய் ஈயம் கலக்காதது என்று உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஈய அளவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. நீலப் புள்ளி பார்ப்பதென்றால் தடவலை உடனே போடச் சொல்லுங்கள்; குழாயில் நெடுநேரம் கிடந்த இரத்தத்தில் புள்ளிகள் மங்கலாம்.

அறிக்கையை வாசித்தல்

முதலில் அலகைப் பாருங்கள். லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் என்பதும் டெசிலீற்றருக்கு 5 என்பதும் ஒன்று. லீற்றருக்கு 1 மைக்கிரோமோல் என்றால் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 20.7 மைக்கிரோகிராம். இதைக் கவனிக்காமல் வீணாகப் பயந்தவர்களும் உண்டு, வீணாக நிம்மதியடைந்தவர்களும் உண்டு. கீழே வரும் ஈய அளவுகள் எல்லாம் டெசிலீற்றருக்கு மைக்கிரோகிராம்.

5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். 10ஐத் தாண்டினால் வேலை முறையை உடனே மாற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். ஒருமுறை 30ஐத் தொட்டாலோ, ஒரு மாத இடைவெளியில் இரண்டுமுறை 20 அல்லது அதற்கு மேல் வந்தாலோ ஈயவேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது தொழில்சார் மருத்துவர்கள் பலரின் பரிந்துரை. அமெரிக்காவின் 1978 சட்டத்தில் ஒரு சோதனையில் 60 அல்லது சராசரியாக 50 வந்தால்தான் விலக்க வேண்டும் என்றிருப்பதை எடுத்துக்காட்டி "அதுவரை பிரச்சினையில்லை" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அந்த எண் பழையது, தளர்வானது. கர்ப்பிணிக்கு எந்த அளவும் பாதுகாப்பானதில்லை, ஈயம் சூல்வித்தகத்தைத் தாண்டிப் போகும்.

இரத்த ஈயத்தையும் இசட்.பி.பி.யையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை தெளியும். ஈயம் உயர்வு, இசட்.பி.பி. சாதாரணம் என்றால் அண்மையில், சில கிழமைகளுக்குள் ஈயம் போயிருக்கிறது. மச்சையிலிருந்து புதுச் செங்குழியங்கள் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டும் உயர்வு என்றால் மாதக்கணக்காகப் போகிறது. ஈயம் குறைவு, இசட்.பி.பி. உயர்வு என்றால் இரும்புக் குறைபாடாக இருக்கலாம், அல்லது முன்பு பட்ட ஈயத்தின் தடமாக இருக்கலாம். ஃபெரிற்றின் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். இசட்.பி.பி. மட்டும் எடுத்து "சாதாரணம், ஈயம் இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. ஈயம் 25ஐ அண்டும்வரை அது அசையாமல் இருக்கலாம்.

நீலப் புள்ளி இருந்தால் ஈயம்தான் என்று துள்ளவும் வேண்டாம். தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோயின் காவிகளிலும் அது தெரியும், செங்குழியம் சிறுத்தும் இருக்கும். புள்ளி இல்லாவிட்டால் ஈயம் இல்லை என்பதும் இல்லை.

ஓர் உதாரணம். பற்றரி பிரிக்கும் ஆண் ஒருவர்: ஈமோகுளோபின் 12.6, செங்குழிய அளவு சற்றுச் சிறிது, ஈயம் 38, இசட்.பி.பி. உயர்வு, ஃபெரிற்றின் சாதாரணம். ஆண்களுக்கு 13க்குக் கீழே குருதிச்சோகை என்பதால் அவசரத்தில் இரும்புக் குளிசை எழுதப்படும். ஆனால் ஃபெரிற்றின் இரும்பு இருக்கிறது என்கிறது. வளையத்துக்குள் அதை வைக்கத்தான் ஆளில்லை. 38இல் ஈயம் மட்டுமே ஈமோகுளோபினை இவ்வளவு இறக்கியிருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே இவர் வேலையிலிருந்து விலக வேண்டும், அத்தோடு தலசீமியாக் காவியா, வேறெங்கும் இரத்தம் போகிறதா என்பதையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

பட்டறையில் மாற்ற வேண்டியவை

முதலாவது, பற்றரியை உடைப்பதை நிறுத்துவது. வேறெதைச் செய்தும் இதற்கு ஈடாகாது. தீர்ந்த பற்றரியை அசிட்டோடு முழுதாக, நிமிர்த்தி வைத்து, சேகரிப்பவருக்கு விற்றுவிடுங்கள். அசிட்டை நிலத்தில் ஊற்றுவதில் கரைந்த ஈயமும் சேர்ந்தே போகும். நம் கரையோர மணலில் கிணறு ஆழமில்லை. ஊற்றிய இடத்துக்கும் துலாவுக்கும் இடையே தூரமும் அதிகமில்லை.

வலைக்குண்டு வார்ப்பவர்கள் வார்த்த குண்டையே வாங்கினால் மிச்சம். வார்த்தே ஆக வேண்டுமென்றால் பற்றரித் தட்டை உருக்காதீர்கள். சுத்தமான கட்டி ஈயம் மட்டும். ஈயம் 327 பாகையில் உருகும். 350 முதல் 400 வரை வார்ப்புக்குப் போதும். 500ஐத் தாண்டினால் புகை குறிப்பிடத்தக்க அளவு எழும்பும். விறகடுப்பில் சூட்டைக் கணிப்பது கஷ்டம். உலோகத்துக்கான வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு அடையாளம்: இருட்டான இடத்தில் சட்டியின் அடி மங்கலாகச் சிவந்து தெரிந்தால் 500ஐத் தாண்டிவிட்டது. நெருப்பைக் குறையுங்கள்.

அடுப்பை வைக்கும் திசை முக்கியம். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று நன்றாக இருக்கிறதே என்று முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்பது வழக்கம். அப்படி நின்றால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று புகையை முகத்துக்கே இழுத்துவரும். காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்படி, பக்கவாட்டில் நில்லுங்கள். புகை போகும் திசையில் குசினியோ தண்ணீர்த் தொட்டியோ பிள்ளைகளோ இருக்கக்கூடாது. மழை நாளில் வார்க்க வேண்டாம். அச்சிலோ அகப்பையிலோ ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். அச்சைச் சூடாக்கிக் காயவைத்த பிறகே ஊற்றுங்கள்.

மேலே படியும் சாம்பல் நிற ஆடையில்தான் தூள் அதிகம். அதை மெதுவாக வழித்து மூடியுள்ள தகர ரின்னில் போடுங்கள், அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டாதீர்கள். ரின் நிறைந்ததும் ஈயம் வாங்குபவரிடம் போக வேண்டும், வளவு மூலைக்கோ வாவிக்கோ போகக்கூடாது. உருக்கிய சட்டி எந்தக் காலத்திலும் சமையலுக்குத் திரும்பக்கூடாது. வலை கோர்க்கும்போது குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒரு சிறு குறடு போதும்.

நிலத்தைக் கூட்ட வேண்டாம், காற்றடித்து ஊதவும் வேண்டாம். இரண்டு வாளி: ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் சுத்தத் தண்ணீர். ஈரத்துணியால் உள்ளேயிருந்து வாசலை நோக்கித் துடைத்து, அழுக்குத் துணியை இரண்டாவது வாளியில் அலசிய பின்னரே மீண்டும் முதலாவதில் தோய்க்க வேண்டும். பெயின்ற் சுரண்டுபவர்கள் நனைத்துச் சுரண்ட வேண்டும். காய்ந்த பெயின்றைக் கிரைண்டரால் தேய்ப்பதும் நெருப்பால் பொசுக்குவதும் கூடாது.

முகத்தில் துவாய் கட்டுவதாலும் வைத்தியசாலை மாஸ்க்காலும் பயனில்லை. மாற்றக்கூடிய வடிகட்டி பூட்டிய ரப்பர் முகமூடியில் பீ 100 வடிகட்டி போடுங்கள். தாடி இருந்தால் விளிம்பு தோலில் ஒட்டாது, ஓரத்தால் காற்று நுழையும். தாடி வைத்திருப்பவர் தூள் எழும்பும் வேலையைத் தவிர்ப்பதே நடைமுறையில் சாத்தியம்.

பட்டறைக்குள் தேத்தண்ணி, வெற்றிலை, பீடி மூன்றும் வேண்டாம். மூன்றிலும் மோசம் பீடி: விரலில் உள்ள தூள் உதட்டுக்கும் போகும், எரிந்து புகையாகவும் உள்ளே போகும். நகத்தைக் கட்டையாக வெட்டி, தூரிகை வைத்துக் கழுவிய பிறகே சாப்பாடு.

வீட்டுக்குப் போகுமுன்

வேலைச் சாரமும் சேட்டும் செருப்பும் பட்டறையிலேயே நிற்க வேண்டும். தலையும் சேர்த்துக் குளித்துவிட்டு வேறு உடுப்போடு போங்கள். வேலை உடுப்பை உதறாமல் தனியாகத் தோயுங்கள். வீட்டாரின் உடுப்போடு கலக்க வேண்டாம். வளவுக்குள்ளேயே பட்டறை என்றால் தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பிள்ளைக்கும் இரத்த ஈயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லி வைக்கலாம்.

பால் குடித்தால் ஈயம் இறங்கும் என்ற பேச்சு பட்டறைகளில் உண்டு. இறங்காது. கல்சியம் போதுமாக உள்ள உடலில் ஈயம் உறிஞ்சப்படுவது குறையும், அவ்வளவுதான். அந்த அளவில் தயிரும் நெத்தலியும் நல்லது. இரும்புக்கு மீன், ஈரல், தேசிக்காய் பிழிந்த கீரை. சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முக்கியமாக, வெறும் வயிற்றோடு ஈயவேலையைத் தொடங்க வேண்டாம்.

மருந்தும் மறுசோதனையும்

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்குவதா என்பதை ஈய அளவையும் அறிகுறியையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்; கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தை அவர் கலந்தாலோசிக்கலாம். மருந்தை எடுத்துக்கொண்டு அதே பட்டறையில் நிற்பதும், "முன்பாதுகாப்பு" என்று கடையில் வாங்கிப் போடுவதும் ஆபத்து. இரும்புக் குளிசையும் ஃபெரிற்றின் குறைவு என்று தெரிந்த பிறகுதான்.

கடும் வயிற்று வலியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால், மணிக்கட்டு தொங்கினால், பேச்சுக் குழறினால், வலிப்பு வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வேலையை விட்டதும் இரத்த ஈயம் முதலில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும். குறுகிய காலம் மட்டும் ஈயம் பட்டவருக்குத்தான் இந்தக் கணக்குச் சரிவரும். வருடக்கணக்காக வேலை செய்தவருக்கு என்பில் சேர்ந்த ஈயம் பத்து, இருபது வருடம் இருந்து மெதுவாகக் கசியும். அவருடைய அளவு கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். ஆகவே விலகி ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு மாதாமாதம், இரண்டு தடவை 15க்குக் கீழே வரும்வரை அளவுங்கள். அதே ஆய்வுகூடம், அதே அலகு. இசட்.பி.பி.யை நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் போதும்; அதற்குமுன் எடுத்தால் பழைய செங்குழியங்களின் கணக்குத்தான் வரும். அளவு இறங்கிக்கொண்டிருந்து திடீரென ஏறினால் வேலையைத் தவிர வேறு வழியையும் தேடுங்கள்: வீட்டுக்கு வந்த பழைய பற்றரி, கறல் பிடித்த பெயின்ற் கதவு, ஈயம் பூசிய பாத்திரம், கடையில் வாங்கிய பஸ்பம்.